நொச்சியா, செண்டுமல்லியா

ஆடி 3, சனிக்கிழமை

அவரைக் கொடியை மறுபடியும் மான் மேய்ந்துவிட்டது. இது மூன்றாவது தடவை.

பக்கத்து மரவள்ளிக் காட்டுப் பொன்னியக்காவிடம், மான் வாய் வைக்காத செடி எது என்று கேட்டேன்.

"செண்டுமல்லி போடுங்க டீச்சர், அந்த வாடைக்குக் கிட்ட வராதுங்க. ஆனா மூணு மாசத்துல ஓஞ்சிரும். நெலைக்கோணும்னா நொச்சிக் குச்சி ஊனுங்க. வேலியா அடைச்சு வர ரெண்டு மழை ஆகும்" என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "ஏனுங்க, அதுவரைக்கும் இங்கதான் இருப்பீங்களா?"

கொல்லிமலைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்தில் காய்ப்பதை மட்டுமே போட்டுவருகிறேன். எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டுமே. ஐந்து வருடமாகிறது. போன வாரம் நடந்த மாறுதல் கலந்தாய்விலும் மலைக்குக் கீழே எந்தப் பள்ளியிலும் இடமில்லை.

சாயங்காலம் அக்காவே ஒரு கட்டு நொச்சிக் குச்சி வெட்டிவந்து போட்டார். இருட்டுவதற்குள் வீட்டைச் சுற்றி ஊன்றி முடித்தோம்.

தஞ்சாவூரிலிருந்து என் வீட்டுக்காரர் போனில் பேசினார். "மானுக்கு என்ன செடி வச்ச?"

"செண்டுமல்லி" என்றேன்.

"நல்லது. அது பூத்து முடியறதுக்குள்ள உனக்கு ஆர்டர் வந்துரும் பாரு" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. இன்னும் கையை விட்டு நொச்சி வாடை போகவில்லை.