சம்பந்தியின் சனிக்கிழமைக் கதை

ஜூன் 3, செவ்வாய்

லிஃப்டில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து வாண்டு "கதவை" என்றாள். அடுத்த சொல்லில் திணறி விட்டுவிட்டாள். நான் திடுக்கிட்டேன். பேத்திக்கு நாலு வயது. அவளுக்கு இப்போது யாரும் எழுத்துச் சொல்லித்தரக் கூடாது என்பது என் மகளின் உத்தரவு. முந்தைய மழலையர் பள்ளியில் எழுதச் சொல்லி விரட்டியதில், பென்சிலைக் கண்டாலே குழந்தை அழ ஆரம்பித்திருந்தாள். புதிய பள்ளியின் ஆசிரியை, "கதை மட்டும் படிச்சுக் காட்டுங்க, ஆசை தானா வரட்டும்" என்றிருக்கிறார். மகள் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள்: "யார் மீறினாலும் அவங்களுக்குக் கதை நேரம் கட்."

வார நாட்களில் மாலைக் கதை என்னுடையது. சனிக்கிழமை சம்பந்தியுடையது. மாப்பிள்ளையின் அப்பா, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் மீறவில்லை. அப்படியானால்?

ஜூன் 4, புதன்

பால் பாக்கெட்டைக் காட்டி "பால்" என்றாள். படித்துச் சொன்னாளா, பார்த்துச் சொன்னாளா? இதை வைத்தெல்லாம் ஒருவர்மேல் பழி போட முடியுமா?

ஜூன் 7, சனி

சம்பந்தி வந்தார். வாசலிலேயே ஹாரன் அடித்தார், வாயால். வாண்டு "பெரிய தாத்தா!" என்று ஓடினாள். (பெரிய என்பது உயரத்தைக் குறிப்பது என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.)

"என்ன சம்பந்தி, வர வர அட்டை மாதிரி ஆயிட்டீங்க! காத்தடிச்சா ஜன்னலைச் சாத்திட்டு உட்காருங்க" என்று முதுகில் ஒரு தட்டு. சிரித்துவைத்தேன்.

பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கதை சொல்ல எதற்குக் கதவு? ஒட்டுக்கேட்டேன் — எழுதவே கூசுகிறது. முணுமுணுப்புதான் கேட்டது. நடுவே வாண்டு, "மறுபடி, மறுபடி!" என்றாள். மனப்பாடம் செய்யவைக்கிறாரோ?

காலையிலேயே கதைப் புத்தகத்தின் நடுவில் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தேன். அவர் போன பிறகு பார்த்தேன். அசையவே இல்லை. புத்தகத்தைத் திறக்காமல் அவ்வளவு நேரம் உள்ளே என்ன நடந்தது? எழுத்துப் பாடம்தான். வேறென்ன?

ஜூன் 8, ஞாயிறு

மகளிடம் சொன்னேன். "நான் சொன்னேன்னு காட்டிக்காதேம்மா" என்றும் சொன்னேன்.

"மாமாவா? நீங்க சரியாப் பார்த்தீங்களாப்பா?"

"சந்தேகம்தான்" என்றேன். சொல்லிவிட்டு ஆதாரங்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். அது எனக்கு நன்றாக வரும். அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்தியவன் நான்.

ஜூன் 10, செவ்வாய்

மகள் சம்பந்தியிடம் போனில் பேசிவிட்டாளாம். அவர் மறுக்கவில்லையாம். "சரிம்மா, கொஞ்ச நாள் வரலை" என்றாராம். மறுக்கவில்லை என்றால் உண்மைதானே?

இரவுச் சாப்பாட்டில் என் பக்கம் இருந்த தண்ணீர் ஜாடியை மாப்பிள்ளை கேட்கவில்லை. எழுந்து வந்து எடுத்துக்கொண்டார். யார் சொன்னதென்று அவருக்குத் தெரிந்திருக்குமோ?

ஜூன் 14, சனி

வாண்டு வாசலருகே உட்கார்ந்திருந்தாள். ஹாரன் வரவில்லை. நான் புத்தகத்தோடு போனேன்.

"இன்னைக்கு உங்க நாள் இல்லை" என்றாள்.

ஜூன் 16, திங்கள்

வலது கையில் தேநீர்க் கோப்பை, இடது கையில் புத்தகம். ஒரு வரி படித்திருப்பேன்.

"விரல் வைங்க தாத்தா."

"எந்த விரல்?"

கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து முதல் சொல்லின் கீழ் நிறுத்தினாள். "இப்படித்தானே எப்பவும் வைப்பீங்க? விரல் இருக்கிற இடத்துலதான் நீங்க சொல்றது இருக்கும்."

பிழை திருத்தும்போது சொல்லுக்குச் சொல் விரல் ஓட்டுவது என் பழக்கம். இப்போதும் ஓட்டுகிறேன் என்பது எனக்கே தெரியாது. மாதக்கணக்காக, அதே முயல் கதை. 'முயல் கதவைத் திறந்தது.' ஒரு சொல் விடாமல், விரலோடு.

"பெரிய தாத்தாவும் விரல் வைப்பாரா?" என்றேன்.

"அவர் புத்தகமே எடுக்க மாட்டாரு. கண்ணை மூடிட்டுச் சொல்லுவாரு. சிங்கம் வெளிய ஓடிடும்னு கதவைச் சாத்திடுவாரு."

ஜூன் 17, செவ்வாய்

சொல்ல வேண்டும். சொன்னால் என் மாலை போய்விடும். இந்த வீட்டில் என்னை ஒருவர் எதிர்பார்க்கும் நேரம் அது ஒன்றுதான். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? — சீ. என்ன புத்தி இது.

ஜூன் 18, புதன்

சம்பந்தி வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னேன். கோள் சொன்னதும் நான்தான், சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

"முதல்ல உள்ள வாங்க" என்றார். "உங்க விரலை நான் என்னைக்கோ பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் உங்க மருமககிட்ட சொல்லலை?"

"சொன்னா உங்களை நிறுத்திடுவா. எனக்கு டீக்கடையில நாலு பேர் இருக்காங்க வம்பு பேச. உங்களுக்கு அவளை விட்டா யாரு இருக்கா?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "எழுத்தைப் பார்த்துப் பயப்படறாளா?" என்றாள்.

"இல்லம்மா. அவளேதான் விரல் வைக்கச் சொல்றா."

"டீச்சரைக் கேட்கிறேன். அதுவரைக்கும் நீங்க படிக்க வேண்டாம்."

சரி என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

குழந்தை தானாகக் கேட்டு எடுத்துக்கொள்வது பாடமாகாது, அப்படியே விடுங்கள் என்றாராம் ஆசிரியை. திங்கள் முதல் நான் படிக்கலாம். "ஆனா, இது என்ன எழுத்து, அது என்ன எழுத்துன்னு சோதிச்சுப் பார்க்காதீங்கப்பா" என்றாள் மகள். என்னை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறாள்.

"மாமாகிட்ட நானும் மன்னிப்புக் கேட்டுட்டேன்" என்று சமையலறையிலிருந்து சொன்னாள். திரும்பிப் பார்க்காமல்.

ஜூன் 21, சனி

சம்பந்தி வந்தார். நானும் விரிப்பில் வாண்டுவின் பக்கத்தில் இடம் பிடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். கதையில் ஒரு பேருந்து, மேகத்தைப் பிடிக்க மரத்தில் ஏறியது. பாதியில் டயர் வழுக்கியபோது வாண்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எந்தப் புத்தகத்தில் வருகிறது என்று நான் கேட்கவில்லை.