ஃபிரிட்ஜில் படுத்திருக்கும் ஏரி

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் வாயாடி எழுதுவது. இங்கே நானும் ஏரியும் சுகம். நீங்களும் அந்த ஊர் வெயிலும் எப்படி இருக்கிறீர்கள்?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் தம்பி முந்திக்கொள்வதற்குள். நீங்கள் ஆசையாக வாங்கி அனுப்பிய ஃபிரிட்ஜில் சேறு வைத்திருக்கிறேன். தட்டுகளைக் கழற்றியாயிற்று. பாலும் தக்காளியும் ஜன்னலோரத்துக்குக் குடிபோய்விட்டன. கறுப்பு உறை சுற்றிய குழாய்கள் உள்ளே வரிசையாகப் படுத்திருக்கின்றன. நிமிர்த்தி வைத்தால் சேறு கலைந்துவிடுமாம். உங்கள் மதியத் தூக்கத்தைக்கூட நான் இப்படிக் காத்ததில்லை.

எல்லாம் சேத்து டாக்டரால் வந்தது. பல்கலைக்கழகத்து அம்மா, பெயர் நான் வைத்தது. நம் படகில்தான் கூட்டிப்போனேன். நடு ஏரியில் நீளக் குழாயை அடிமண்ணுக்குள் இறக்கி, சேற்றை அப்படியே முழுசாக உருவி எடுத்து, முழங்கை நீளத்துக்கு நறுக்கிக்கொண்டார்கள். ஆய்வுக்கூடத்தில் குளிர் அறை பழுதாம். “உங்க ஃபிரிட்ஜ்ல கொஞ்சம் இடம் கிடைக்குமாக்கா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஏரிக்கு இல்லாத இடமா என்று கதவைத் திறந்துவிட்டேன்.

ஒரு குழாயை நெடுக்காகப் பிளந்து காட்டினார். கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. தண்ணீர் நின்ற காலமெல்லாம் இலையும் பூந்தூளும் இறங்கிக் கறுப்புக் கோடு கோடாகப் படிந்திருக்கிறது. ஓர் இடத்தில் கரி. எப்போதோ காடு எரிந்ததாம். ஆயிரக்கணக்கான வருஷக் கணக்காம். நம் இரண்டு பேர் இடுப்பைவிட ஒழுங்கான மடிப்பு.

இனி அந்தத் தாள் விஷயம். எல்லாரும் போடும்போது நீ மட்டும் ஏன் முறைத்துக்கொண்டு நிற்கிறாய், கையெழுத்துப் போட்டுவிடு என்று எழுதியிருந்தீர்கள். படித்துப் பார்த்தீர்களா? நான் நாலாம் வகுப்புதான், ஆனாலும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். நம் வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஏரி இல்லையாம், மழைக்குத் தண்ணீர் தேங்கும் குட்டையாம். அதை மூடிக் கிடங்கு கட்ட நாம் சம்மதித்து வீட்டைக் காலி செய்கிறோமாம்.

உங்கள் தம்பி தாளோடு வந்து, “ஏரியோ குட்டையோ, பேர்ல என்ன அண்ணி இருக்கு?” என்றார். “உன் பொண்டாட்டிய ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரம்மான்னு கூப்பிட்டுப் பாரு தம்பி, பேர்ல என்ன இருக்குன்னு அவ சொல்லுவா” என்றேன். குளிர்ந்த தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவர், “அய்யோ, என்ன அண்ணி இது, பாம்பா?” என்று பின்வாங்கினார். “உங்க அண்ணன் வீட்டு ஏரிதான், கதவை மூடு, குளிர் போகுது” என்றேன்.

அடுத்த வாரம் இது ஏரியா குட்டையா என்று விசாரணை, சேத்து டாக்டர் இந்தக் குழாய்களைக் காட்டிச் சாட்சி சொல்லப்போகிறார். அதில் ஒரு சிக்கல். குழாயில் ஓர் இடத்தில் நகக்கனம் வெள்ளைக் கோடு. அப்போது ஏரி அடியோடு வறண்டிருந்ததாம். கிடங்குக்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அந்தத் துண்டு என் ஃபிரிட்ஜிலேயே மறந்துபோகட்டுமே என்று டாக்டர் காதில் போட்டேன். “இல்லக்கா, அதையும் சொல்லித்தான் ஆகணும். ஒண்ண மறைச்சா மத்ததையும் நம்ப மாட்டாங்க” என்றுவிட்டார். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு நானே போய் மறுபடி பார்த்தேன். வெள்ளைக்கு மேலே திரும்பவும் கறுப்பு. முன்னைவிடத் தடிமனாக. அதைத்தான் விசாரணையில் எழுந்து நின்று சொல்லப்போகிறேன். ஆமா, வறண்டதுதான். போன தண்ணி திரும்பி வந்துச்சு. வரணும்னு தோணினப்ப அதுக்கு இங்க ஒரு இடம் இருந்துச்சு.

ஆகவே நான் கையெழுத்துப் போட மாட்டேன். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் உங்கள் கையெழுத்து மட்டும் செல்லாது, கேட்டுவிட்டேன். கோபம் வந்தால் கடிதத்தில் திட்டாதீர்கள், எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகிறது. நேரில் வந்து திட்டுங்கள். படகுக்குத் தார் பூசியிருக்கிறேன். வாசல் பூட்டையும் மாற்றவில்லை. நீங்கள் கொண்டுபோன சாவி பத்திரமாக இருக்கட்டும். எங்கே நின்றாலும் உங்கள் காலடி குளிர்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
காலி செய்யாத உங்கள் மனைவி

பின்குறிப்பு: நேற்றுக் குட்டையை அளக்க ஓர் ஆபீசர் வந்தார். முழங்கால்கூட நனையாது என்று சொல்லிவிட்டு இறங்கினார். இடுப்பு வரை போனார். நானும் உங்கள் தம்பியும் கயிறு போட்டு இழுத்ததில் அவர் வந்துவிட்டார். இடது கால் ஷூ வரவில்லை. அது எந்த இடத்தில் புதைந்தது என்று சேத்து டாக்டர் குறித்துக்கொண்டார், பின்னாளில் குழாய் இறக்குகிறவர்கள் குழம்பக் கூடாதாம்.