நான் மஸ்கட்டில், நீங்கள் செம்மங்குப்பத்தில்

மாமா,

இன்று காலை பட்டறையின் ஷட்டரைத் தூக்கியதும் கூலண்ட் வாசனை முகத்தில் அடித்தது. லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றுகிற அந்த வெள்ளைத் தண்ணீர்தான். மற்றவர்களுக்கு அது எண்ணெய் நாற்றம். எனக்கு உங்கள் சட்டை வாசனை. அத்தை மகனாக இருந்தபோது கூப்பிட்ட 'மாமா'வையே நீங்கள் புருஷனான பிறகும் நான் மாற்றவில்லை. இப்போதும் அப்படியே எழுதுகிறேன்.

2004-இல் நீங்கள் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நம் ஊர் குடிகாட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அடுத்த வருஷம் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே சமயத்தில் உங்களை ஹெல்பராக துபாய்க்கு அனுப்ப உங்கள் அண்ணனும் ஒரு ஏஜெண்டைப் பிடித்திருந்தார்.

சிதம்பரத்தில் அவர் வீட்டு ஹாலில் எல்லோரும் கூடினோம். அண்ணன் கெட்டவர் இல்லை, ஊர்ப்பேச்சுக்குப் பயந்தவர். "பொம்பளய வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு ஆம்பள வூட்ல குந்திக்கினு இருந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார். அத்தை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் மூன்று வயது மகள் அபி உங்கள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. "அண்ணே, லேத்து தெரிஞ்ச நான் அங்க போயி மூட்ட தூக்கணும். நர்ஸு வேல தெரிஞ்சவ நர்ஸாவே போவா. யாரு போனா நல்லதுன்னு நீயே சொல்லு. பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

நான் போவதென்று முடிவானது. எனக்கு அன்று சந்தோஷத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தி.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைகள்தான் என் பண்டிகை. போனில் நீங்கள் அபியின் கதைகளைச் சொல்வீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் தலை பின்னக் கற்றுக்கொண்டதையும், பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் அதைப் பார்த்துச் சிரித்ததையும், பிறகு அவர்களே வந்து ரிப்பன் கட்டச் சொல்லிக் கொடுத்ததையும் வேடிக்கையாகத்தான் சொன்னீர்கள். நானும் சிரித்துவிட்டுப் போனை வைப்பேன். அதற்கப்புறம் அபியின் போட்டோவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் லீவில் வந்தபோது அபி உங்கள் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை எட்டிப் பார்த்தாள். அன்றைக்கே இனி போகமாட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் வாதாடவில்லை. மறுநாள் வண்டியில் உட்காரவைத்துச் செம்மங்குப்பத்துக்குக் கூட்டிப் போனீர்கள். ரோட்டோரம் ஒரு தகர ஷெட், உள்ளே ஒரு பழைய லேத், வாசலில் என் பெயர் எழுதிய போர்டு.

எனக்குக் கோபம்தான் வந்தது. வெளிநாட்டுப் பணம் வந்த வீடுகளெல்லாம் மாடி வீடாகிக்கொண்டிருந்தன, நம் வீட்டில் மட்டும் அதே ஓடு. வீட்டைக் கட்டியிருக்கலாமே என்றேன். "வூடு கட்டுனா நாம மூணு பேரு இருப்போம் கலா. இது ஓடுனா எத்தன வூட்ல அடுப்பு எரியும் பாரு" என்றீர்கள். அந்த ஷெட்டில் நின்றுதான் திரும்பிப் போவதென்று நானே முடிவெடுத்தேன். அந்தத் தடவை பயமில்லாமல் விமானம் ஏறினேன்.

துபாயில் கட்டட வேலைகள் படுத்த வருஷம், காடாம்புலியூர் ஆறுமுகம் வெறுங்கையோடு திரும்பி வந்தார். நல்ல வெல்டர். சொந்தக்காரர்கள் முகத்தில் விழிக்கக் கூசி வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவரைத் தேடிப் போய் வேலைக்கு அழைத்து வந்தீர்கள். "அங்க கத்துக்கினு வந்த கையி. அத சும்மா வுடலாமா?" என்று என்னிடம் போனில் கேட்டீர்கள். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். அவர்கள் வேலையின் சுத்தத்தைப் பார்த்துத்தான் ஒரு சென்னை ஏற்றுமதிக்காரர் பம்ப் உதிரி பாகங்களுக்கு முதல் ஆர்டர் கொடுத்தார்.

ஆர்டர் பாதியில் இருந்தபோது, 2011 கடைசியில், புயல் அடித்தது. மஸ்கட்டில் எங்கள் நர்ஸ் குவாட்டர்ஸ் டிவியில் கடலூரைக் காட்டினார்கள். போன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது உங்கள் குரல் உடைந்திருக்கும் என்று நினைத்தேன். "அபி நல்லா இருக்கா. கூரை போச்சு. லேத்து இருக்குது, ஆளுங்க இருக்காங்க" என்றீர்கள், அவ்வளவுதான்.

லீவு வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். வழியெல்லாம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஊரில் கரண்ட் இல்லை. பட்டறையில் தார்ப்பாயைக் கட்டி, வாடகை ஜெனரேட்டரை வைத்து லேத் ஓடிக்கொண்டிருந்தது. தங்கள் வீட்டுக் கூரையையும் இழந்தவர்கள்தான் அங்கே நின்று கடைந்துகொண்டிருந்தார்கள். ஆறுமுகத்தின் மனைவி எல்லோருக்கும் சமைத்தார். நான் டீசலில் துணியை நனைத்து, நனைந்த பாகங்களில் ஏறிய துருவைத் துடைத்தேன். சொன்ன தேதி தவறினால் அடுத்த ஆர்டர் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஏற்றுமதிக்காரர் அனுப்பிச் சோதிக்க வந்தவர் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். கடைசியில் எழுந்து உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒன்றுகூடத் தள்ளுபடி ஆகவில்லை.

பெட்டிகளை ஆணி அடித்து மூடியபோது என்னைக் கூப்பிட்டீர்கள். பலகையில் போய்ச் சேரும் ஊரின் பெயர் அச்சாகியிருந்தது. மஸ்கட். சத்தமாகப் படிக்கச் சொன்னீர்கள். படித்தேன், பாதியில் அழுகை வந்துவிட்டது.

"இவ்ளோ நாளா இங்கேர்ந்து ஆளுங்கதான் போனாங்க. இப்ப நம்ப பொருளு போவுது" என்றீர்கள். பட்டறையே கைதட்டியது.

அப்போது வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. இறங்கியவர் உங்கள் அண்ணன். போர்டில் இருந்த என் பெயரை நின்று படித்தார். "ஏத்துங்க. மெட்ராஸ் வரைக்கும் நானே ஓட்டறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் ஒக்காரும்மா. ஒன் சரக்கு, நீதான் சேக்கணும்" என்றார். லாரியில் நடுவில் என்னை உட்காரவைத்து நீங்கள் ஜன்னலோரம் ஏறிக்கொண்டீர்கள். பண்ருட்டி தாண்டும்வரை நீங்கள் சிரிப்பை நிறுத்தவே இல்லை.

நான் மஸ்கட்டை விட்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, போன வருஷம், ஒரு மத்தியானம், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. பட்டறை நிற்கவில்லை மாமா. பக்கத்து மனையிலும் ஷெட் போட்டிருக்கிறோம். அபிதான் ஆர்டர்களைப் பார்க்கிறாள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் நாட்டைத் தாங்குகிறது என்று பேப்பரில் எழுதுகிறார்கள். காலையில் நம் வாசலில் வந்து நிற்கிற வேலையாட்களின் பைக்குகளைப் பார்க்கும்போது அது எனக்குப் புரிகிறது.

இப்போதும் யாராவது, "பெரிய மனசு, ஒங்க வூட்டுக்காரரு ஒங்கள வெளிநாட்டுக்கு அனுப்பி வச்சாரு" என்று உங்களைப் புகழ்வார்கள். நீங்கள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் நான் திருத்திவிடுகிறேன்.

"நான் போனேன். அவுரு கூட நின்னாரு."