குட்டிக்கொள்ள இரு கை, கழல மறுக்கும் இரு கால்

வாகட், புனே
12-11-2006

சௌபாக்கியவதி அம்ருதாவுக்கு, ஐந்து வயதிலிருந்து உன்னை வளர்த்த விச்சு மாமா அநேக ஆசீர்வாதம். இங்கே சரசா மாமி க்ஷேமம், ஏழாம் மாடி க்ஷேமம், என் கால்களின் க்ஷேமம் மட்டும் கடிதம் முடியும்போதுதான் தெரியும். ஏனென்றால் இதைப் பால்கனியில், சுவரோரம் சைக்கிள் மேல் உட்கார்ந்து, ஒரு கையால் கிரில்லைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். இறங்க முடியவில்லை.

எல்லாம் நீ மெல்போர்னிலிருந்து அனுப்பிய கிளிப் பெடலும் ஷூவும் செய்த வேலை. ஷூவுக்கு அடியிலிருக்கும் இரும்பு பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்பக்கம் திருகினால் விட்டுவிடும் என்று போனில் சொன்னாய். முதல் பாதியில் நான் மகா மேதை. போன ஞாயிறு கசார்வாடிக்கு, என் பழைய சிநேகிதன் ஆரோக்கியசாமியோடு சீட்டாடக் கிளம்பினேன் பார், சிங்ககட் கோட்டையே ஓரமாக நகர்ந்து எனக்கு வழிவிட்டது. நாற்சந்தி மூலையில் கணபதி கோயில். அறுபது வருஷப் பழக்கம், பிள்ளையாரைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் நெற்றியில் குட்டிக்கொள்வேன். நிறுத்தினேன், குட்டிக்கொண்டேன், ஊன்றுவதற்குத்தான் கால் வரவில்லை. சந்நிதி எதிரே சைக்கிளோடு சாஷ்டாங்கமாக விழுந்தேன். பூமி அதிர்ந்து பம்பாய் வரை பாத்திரம் உருண்டிருக்கும். ஒரு மராட்டிப் பாட்டி, "காகா, கேவ்டி பக்தி!", எவ்வளவு பக்தி என்று உருகிப்போனாள். பூசாரி கையில் பேடா வைத்தார். நான் காலை மட்டும் ஷூவிலிருந்து உருவிக்கொண்டு, பெடலில் தொங்கும் ஷூக்களோடு சைக்கிளைத் தள்ளியபடி சாக்ஸோடு வீடு வந்து சேர்ந்தேன். உன் மாமி மேலிருந்து பார்த்துவிட்டாள்.

அவள் கத்தவில்லை அம்ருதா, அதுதான் பயம். "கையையும் விட்டாச்சு, காலையும் பூட்டியாச்சு, பின்னாடி பஸ் வந்திருந்தா?" என்றாள். இன்று தீர்ப்பு. அவள் பஜனைக்குப் போய்வருவதற்குள் இரண்டு காலையும் ஒழுங்காகக் கழற்றியிருந்தால் சைக்கிள் எனக்கு, இல்லாவிட்டால் நாளை பழைய சாமான் எடுக்கிற ரத்திவாலாவுக்கு. மறுபடி காலை உருவிவிடுவேன் என்று ஷூ நாடாவை அவளே குனிந்து இரட்டை முடிச்சுப் போட்டாள். "அதுவரைக்கும் குழந்தைக்கு லெட்டர் எழுதுங்கோ" என்று லெட்டர் பேடையும் பேனாவையும் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள்.

சைக்கிள் போனால் எனக்கு என்ன இருக்கிறது சொல். போசரித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் லேத் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியவன், இங்கே நாள் முழுக்க லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மாறி மாறிப் பஸ் ஏற முட்டி விடாது. ஆரோக்கியசாமியாலும் வர முடியாது, அவனுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. சீட்டை மூக்கருகே வைத்துப் பார்க்கிறான், நான் பார்க்காததுபோல் தோற்றுக்கொடுக்கிறேன்.

அடியே, கழன்றுவிட்டது! ஜன்னல் பக்கம் திரும்பினேன், குதிகால் தானாகத் திரும்பி இடது கால் டக், பின்னாலேயே வலதும் டக்! தரையில் நிற்கிறேன். நிலாவில் இறங்கியவனுக்குக்கூட இந்தப் பெருமை இருந்திருக்காது. ஆனால் சாட்சி ஒருவருமில்லை, உன் மாமி என் வாய்வார்த்தையை நம்பிய சரித்திரமும் இல்லை. அவள் கண்ணெதிரே கழற்றிக் காட்டலாமென்று ஏறி மறுபடி மாட்டிக்கொண்டேன்.

இப்போது வரமாட்டேன் என்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதைக் கட்டிக்கொள், தீர்க்காயுசாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், முதலில் மாமியிடம் பேசு, என் பக்கம் பேசு. லிஃப்ட் ஏழில் நின்றுவிட்டது.

பூட்டிய காலோடு,
உன் விச்சு மாமா