கற்பூர மெழுகுதிரி

எடின்பரோ
மார்கழி 28, 1936

அம்மாவின் பாதங்களை வணங்கி மகன் பரமலிங்கம் எழுதுவது.

நான் சுகம். இந்த மாரியில் உங்கள் முழங்கால் நோ கூடவில்லையே? குளிர் அதிகந்தான், நீங்கள் பயப்படுமளவுக்கு இல்லை.

இங்கே ஒரு பகிடி நடந்தது. யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு நான் குடியிருக்கும் வீட்டில் ஒருவருக்கொருவர் பரிசு கொடுப்பார்கள். நானும் கையால் ஏதாவது செய்து கொடுக்க ஆசைப்பட்டேன். எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை உருக்கி, பிள்ளையார் படத்துக்கென்று நீங்கள் அனுப்பிய கற்பூரத்தை வாசத்துக்குப் பொடித்துப் போட்டு, புதிதாக வார்த்தேன். எங்கள் சாமியறை மணத்தைவிட நல்ல மணம் எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரி ஒன்றைக் கொளுத்தியதும் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இந்த ஊரில் கற்பூரம், கம்பளி உடுப்பைப் பூச்சி அரிக்காமல் பெட்டிக்குள் போடுகிற சாமானாம். நானும் சிரித்தேன். "இதற்குள் என்ன போட்டாய்?" என்று அவள் கேட்டாள். "தெரியாது, கடையில் வாங்கினேன்" என்றேன்.

பக்கத்து அறையில் பருத்தித்துறை இராசநாயகம் இருக்கிறார். நான் மெழுகு உருக்கியதைப் பார்த்தவர். பிறகு படியில் மறித்து, "ஏன் ஐசே, அம்மா அனுப்பின கற்பூரமெண்டு சொல்ல வெக்கமே?" என்று கேட்டார்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. மிளகாய்த்தூள் அனுப்பும்போது கொஞ்சம் கற்பூரமும் வையுங்கோ. ஒருவருக்கும் கொடுக்க அல்ல. அறைக் கதவைச் சாத்திவிட்டு நான் கொளுத்த.