ரோஜா முள் குத்திய விரல்

சென்னீர்குப்பம்

அன்புள்ள அய்யாவுக்கு, கனி எழுதுவது. உங்கள் இருமல் தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

நர்சரியில் ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டும்போது விரலில் முள் குத்தியது. சின்ன முள்தானே என்று விட்டுவிட்டேன். கூட வேலை செய்யும் பூங்காவனம் அக்காதான், "இன்னாமே, கை இப்டி வீங்கிகினு கீது!" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். சீழ் எலும்புவரை போனதால் இடது ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். இப்போது வலி இல்லை, பயப்படாதீர்கள்.

இனி ஒட்டுக் கட்ட வராது. எரு சுமக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரோஜா மண்ணின் சத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் அய்யா. நம் உளுந்துபோல வேர்முடிச்சில் உரம் சேர்த்துத் தராது.

கையில் சுற்றிக்கொள்ள அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்று அனுப்புங்கள். எரு லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன். உளுந்து பிடுங்க ஆள் போதவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், உடனே வந்துவிடுகிறேன்.

உங்கள் மகள்
சண்முகக்கனி