மஞ்சள் மாத்திரையும் மில் ரத்தமும்

8.2.94, செவ்வாய்
காலையில் பனி. சூலூர் பஸ்ஸில் உட்கார இடம், அதிசயம். லேப்பில் ஐஸ் இல்லை. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஹெபாரின் தீரப்போகிறது. அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்க வேண்டும்.

என் ஒன்றரை வருட ஆராய்ச்சி ஒரே வரியில்: பஞ்சு மில் ஆட்களின் வெள்ளணுக்களில், அலர்ஜியைக் கிளப்பும் ஹிஸ்டமின் வந்து ஒட்டும் ஏற்பிகள் மற்றவர்களைவிட மிகக் குறைவு. காரணம் தூசி. சாருக்கு, அதாவது என் கைடுக்கு, ஒரே பூரிப்பு. கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம்கூடப் போய்விட்டது.

இன்று ரத்தம் கொடுத்தது பழனாத்தாள். மில்லில் பஞ்சுத் தூசி கூட்டுகிறவர். ஊசி குத்தும்போது சும்மா கேட்டேன், மில் ஆட்கள் இங்கே வந்தால் யாருமே இருமுவதில்லையே என்று.

"உங்க முன்னால இருமினாச் சங்கட்டமுங்க. மில்லுல குடுக்கற மஞ்ச மாத்திரையப் போட்டுட்டுத்தான் வந்தனுங்க அம்மணி. எல்லாருமே அப்படித்தானுங்க வாரோம்."

அலர்ஜி மாத்திரை. ஹிஸ்டமினுக்கு முன்பே போய் ஏற்பியில் உட்கார்ந்துகொள்ளும் மருந்து. ஏற்பிகள் குறையவே இல்லை. மாத்திரை அடைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

படிவத்தில் ஐந்தாம் கேள்வியே அதுதான்: மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா? அத்தனை பேரும் 'இல்லை'.

"மருந்துன்னா ஆசுபத்திரில குடுக்கறதுங்க. இது டீயோட குடுக்கறதாச்சுங்களே."

மரியாதையாலேயே என்னைக் கொன்றுவிட்டார்கள்.

9.2, புதன்
சாரிடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ கேட்டே, அவங்க இல்லைன்னாங்க. கையெழுத்து இருக்குது. அப்பறம் என்னம்மா?"

மாத்திரைதான் காரணம் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். அதே ஆளின் ரத்தத்தை மாத்திரை போடாதபோது எடுத்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு எழுதி முடிக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் மார்ச் வரைதான்.

எரிச்சல். சார் மேல், மில்காரர்கள் மேல், அதைவிட என் மேல். ஒன்றரை வருடத்தில் ஒருநாள்கூட மில்லுக்குள் போய்ப் பார்த்ததில்லை.

சாப்பிடவில்லை. தலைவலி.

10.2, வியாழன்
காற்று. ஷிஃப்ட் விடும் நேரம் மில் கேட்டில் பழனாத்தாளைப் பிடித்தேன். ஒரு வாரம் மாத்திரை வேண்டாம், லீவு போட முடியுமா என்று கேட்டேன்.

"லீவு எங்கீங்க குடுக்கறாங்க. அதனாலென்னங்க, உங்க படிப்பாச்சே. நிறுத்திப்போடறனுங்க."

கூட நின்ற பெண் கேட்டாள்: "ஏனுங்க, மூச்சுக்கு என்னங்க பண்ணுவாங்க அக்கா?"

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். சொட்டு மருந்து இன்றும் மறந்துபோயிற்று.

17.2, வியாழன்
நல்ல வெயில். கரண்ட் போகவில்லை. ஆறு மணிக்கு எண்ணிக்கை வந்தது. பழனாத்தாளின் ஏற்பிகள் மற்றவர்களுக்கு இருக்கிற அளவே. நான் சொன்னது சரி. சார் தாளைப் பார்த்தார், வீட்டுக்குப் போனார். இனி எல்லாம் முதலிலிருந்து.

காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

பழனாத்தாள் லேப் மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தாராம். உதடு கறுத்திருந்தது. நெஞ்சின் இழுப்பு மேசைக்கு இந்தப் பக்கம் கேட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இருமறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. அஞ்சா நாளே முடியலீங்க. உங்களுக்குச் சொல்லிப்போட்டனேன்னு பொறுத்துக்கிட்டனுங்க."

அதே மாத்திரை என் பையில் தயாராக இருந்தது. தண்ணீரும் இருந்தது. முதலில் ஊசியைத்தான் எடுத்தேன். நரம்பு கிடைக்கவில்லை, மூன்று முறை குத்தினேன். பத்து மில்லி முழுசாக எடுத்த பிறகே மாத்திரையைக் கொடுத்தேன்.